குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்கள்: கேள்வி-பதில்

கார்ட்டூன் சேனலில் சிப்ஸ் விளம்பரம் வரலாமா? (திருச்சி வாசகர்)

கூடாது. சிப்ஸ், சோடா வகையறாவுக்குக் குழந்தைகள் சேனலிலும் குழந்தைகள் நிகழ்ச்சியிலும் இடமில்லை என்கிறது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல். சீரியல் நடுவே வந்தால் இந்த விதி தொடாது. பிள்ளைகளும் சீரியல் பார்ப்பது கம்பெனிகளுக்குத் தெரியாதா என்ன!

போன வாரம் டிவியில் ஒரு மோசமான விளம்பரம். கேஸ் போடலாமா? (சேலம்)

என்ன பொருள்? எந்த சேனல்? எத்தனை மணிக்கு? எதுவுமே சொல்லாமல் யார் மேல் கேஸ் போடுவது? நாள், நேரம், சேனலைக் குறித்து, முடிந்தால் மொபைலில் படம் பிடித்துவிட்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.

உயரமாக வளரலாம் என்ற விளம்பரத்தை நம்பி மகனுக்கு மாதக்கணக்கில் பொடி கலந்து கொடுக்கிறேன். பலனில்லை. (மதுரை)

இந்தக் கடிதம் வராத மாதமே கிடையாது. அறிவியல் ஆதாரமில்லாமல் குழந்தைகளிடம் சத்து, ஆரோக்கியம் என்று சொல்லி விற்கக் கூடாது. மீறினால் அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. ஆனால் விளம்பரத்தைப் பாருங்கள். குரல் தமிழில் முழங்கும். நிபந்தனை மட்டும் திரையின் அடியில் எறும்பு சைஸ் ஆங்கிலத்தில் ஓடும். எந்த மொழியில் வாக்குறுதியோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும் என்று அதே 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. இதை யாரும் புகாராக எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்தப் பொடிகளை ‘ஹெல்த் டிரிங்க்’ என்று விற்கிறார்களே, அப்படி ஒரு வகையே உணவுச் சட்டத்தில் கிடையாது. 2024-இல் ஆன்லைன் கடைகளை அந்தப் பிரிவிலிருந்து இவற்றை எடுக்கச் சொன்னது மத்திய அரசு. 100 கிராமில் 30 கிராம் சர்க்கரை உள்ள பொடிகள் சர்வசாதாரணம். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பில்லை எறியாதீர்கள். நாள், நேரம், சேனல், மறுபடி சொல்கிறேன்.

பள்ளி வாசலில் குளிர்பான பேனர்? (கோவை)

வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் தடை. உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு போட்டோவோடு எழுதுங்கள்.

ஆறு மாதக் குழந்தைக்கான பால்பவுடர் விளம்பரம்? (நெல்லை)

2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்பவுடருக்கு விளம்பரமே கூடாது. 1992-லிருந்து சட்டம் இருக்கிறது.

மகள் ஒரு பொம்மை வீடியோ பார்த்தால் மொபைல் முழுக்க பொம்மை விளம்பரம்தான். (சென்னை)

18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து குறிவைத்து விளம்பரம் காட்ட 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டிருக்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முழுதாக அமலாக ஒன்றரை வருட அவகாசம். அது சரி, மகள் கையில் இருப்பது உங்கள் அக்கவுண்ட்தானே? அதில் வயது என்ன போட்டிருக்கிறீர்கள்?