கோலாலம்பூர் டிக்கெட் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் ரசிகர்கள். 2025 மே 21, பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதிப்போட்டி, டாட்டன்ஹாமிடம் 1-0 என்று தோற்றதை ராத்திரி பன்னிரண்டரைக்கு விழித்திருந்து பார்த்தோம். இங்கிலாந்து லீக்கில் 15-வது இடம். அந்தக் காயம் ஆறுவதற்குள் மே 28 கோலாலம்பூர், மே 30 ஹாங்காங் என்று பிரண்ட்லி (கோப்பையோ புள்ளியோ இல்லாத காட்சி ஆட்டம்) ஆடக் கிளம்பிவிட்டார்கள். தோற்றுப்போய் நிற்கிற பசங்களைக் காசுக்காக பிளேன் ஏற்றுகிறார்கள், இதை எந்த ரசிகனும் ஆதரிக்கக் கூடாது என்பது எங்கள் கட்சி. மலேசியாவில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் நண்பன் டிக்கெட் வாங்கி நேரில் போனான். "நீயெல்லாம் ரசிகனா" என்று ஒருத்தன் கேட்க, அவன் எங்கள் யாரோடும் பேசுவதில்லை. டிசம்பரில் மெஸ்ஸி வந்தபோது கொல்கத்தாவில் நடந்த ரகளைக்குப் பிறகு மறுபடியும் அதே சண்டை. நீங்கள் சொல்லுங்கள், அவன் போனது தப்பா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் போனது தப்பே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எதைப் பேசுவதானாலும் அவரிடம் ஒரு மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆனால் அந்தப் பயணம் தப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால்தான் உங்களுக்குள் சண்டை. ஜூலையில் ஒரு கிளப் அமெரிக்காவுக்கோ ஆசியாவுக்கோ போனால் அதில் காசு இருக்கிறது, கூடவே ஆட்ட வேலையும் இருக்கிறது: லீவு முடிந்து வந்தவர்களுக்கு உடம்பு தேற வேண்டும், புதிதாக வாங்கியவரை எங்கே நிறுத்துவது என்று பார்க்க வேண்டும். மே கடைசியில் அப்படி எதுவும் கிடையாது. மே 25 ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டன் வில்லாவுடன் கடைசி லீக் ஆட்டம், புதன்கிழமை கோலாலம்பூரில் இறங்கி ஆடு என்றால் அதில் யாருக்கு என்ன பயிற்சி? அதற்கு முந்தைய வருஷம் டாட்டன்ஹாமும் நியூகாசிலும் இதையேதான் செய்தார்கள், சீசன் முடிந்த மூன்றாம் நாள் மெல்போர்னில், அதுவும் தங்களுக்குள்ளேயே. காசு ஒன்றுதான் காரணம். யுனைடெட்டுக்கு அப்போது அது எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும், நூற்றுக்கணக்கில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த கிளப் அது. அதே சீசனில் பாதி வழியில், மிச்சமிருந்த டிக்கெட்டை 66 பவுண்ட் ஆக்கினார்கள், சின்னப் பிள்ளைக்கும் பென்ஷன் வாங்குகிற பெரியவருக்கும் சலுகை கிடையாது. நம் பணத்தில் 7,000 ரூபாய்க்கு மேல். மான்செஸ்டரில் மூன்று தலைமுறையாகப் போய்க்கொண்டிருக்கிற குடும்பத்துப் பையனையும், கோலாலம்பூரில் ஒரே ஒரு தடவை பார்க்க வாய்த்த நம் ஊர்ப் பையனையும் ஒரே கைதான் கறந்திருக்கிறது. இந்த இருவரில் யார் அசல் ரசிகன் என்று நாம் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்?

எனக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பதின்மூன்று வயது இருக்கும். கோத்தகிரி காந்தி மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டம், கீழே சமவெளியிலிருந்து பேர்பெற்ற ஒரு அணி வருகிறது என்று பஜார் முழுக்க போஸ்டர். போஸ்டரின் நடுவில் அவர்களுடைய முன்கள வீரரின் படம். மூன்று வாரம் காசு சேர்த்து, மஞ்சள் அட்டையில் சீல் குத்திய டிக்கெட் வாங்கி, காலையிலேயே போய் கயிற்றை ஒட்டி உட்கார்ந்தேன். வேன் வந்தது, இறங்கினார்கள். அந்த வீரர் பேன்ட் போட்டுக்கொண்டு, மேலே ஸ்வெட்டர், மப்ளர். எனக்குப் பத்தடி தூரத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டீயில் வர்க்கியை நனைத்து நனைத்துச் சாப்பிட்டார், நுனி ஊறி டம்ளருக்குள் விழுந்தது, விரலை விட்டு எடுத்தார். இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஆடியவர்கள் பாதிப் பேர் ரிசர்வ் ஆட்கள், பத்து நிமிஷத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, ஆறாயிரம் அடி உயரத்தில் பழக்கமில்லாத நெஞ்சு என்ன செய்யும். அப்படியும் 2-0 என்று நம்மவர்களை ஜெயித்தார்கள், இரண்டாம் பாதியில் மஞ்சு இறங்கி அந்தப் பக்க கோல் கம்பமே தெரியாமல் போக, விசில் ஊதி முடித்துவிட்டார்கள். தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை. அவர் ஒரு தடவை, கால்சட்டை மாற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம், அந்தப் பந்தைத் தொட்டிருக்கலாம்.

அதனால்தான் 2019-ல் சியோலில் நடந்ததைப் படித்தபோது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. இத்தாலியின் யுவென்டஸ் அணி வந்தது, ரொனால்டோ 45 நிமிஷமாவது ஆடுவார் என்று சொல்லி டிக்கெட் விற்றார்கள், ஆட்டமே ஒரு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியது, அவர் கடைசிவரை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. கொரிய ரசிகர்கள் சும்மா விடவில்லை, கோர்ட்டுக்குப் போய் ஏற்பாட்டாளரிடமிருந்து நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் ஹாங்காங்கில் மெஸ்ஸி உட்கார்ந்தே இருந்தார், மூன்று நாள் கழித்து டோக்கியோவில் இறங்கி ஆடினார். ஹாங்காங்காரர்கள் போட்ட கூச்சலில் டிக்கெட் காசில் பாதியைத் திருப்பித் தருவதாக ஏற்பாட்டாளர்கள் அறிவிக்க வேண்டியதாயிற்று. கேட்டால்தான் கிடைக்கும். தூரத்து ரசிகன் என்பதால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கும்பிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

சரி, காசுக்காக வருகிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா என்றால், அங்கேதான் உங்கள் கட்சியோடு நான் மாறுபடுகிறேன். 1977 செப்டம்பர் 24, ஈடன் கார்டன்ஸ். நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பெலே வந்தார். அதுவும் காசுக்கான சுற்றுப்பயணம்தான், அவருக்கு 36 வயது, ஒரே வாரத்தில் கடைசி ஆட்டம் ஆடி ஓய்வு பெறப்போகிறவர். ஆனால் மழையில் ஊறிக் கிடந்த அந்தத் தரையில் அவர் இறங்கினார். எதிரில் கொல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஆட்டம் 2-2. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, கொல்கத்தாவில் இன்னும் அதைப் பேசுகிறார்கள். பெலேயைப் பார்த்தோம் என்பதோடு, பெலே ஆடிய அணியோடு நம் பசங்கள் சமமாக நின்றார்கள் என்பதும் சேர்ந்ததால்தான் அந்தப் பேச்சுக்கு இவ்வளவு ஆயுள். 2011-ல் அதே ஊரில் அர்ஜென்டினா வெனிசுலாவை 1-0 என்று ஜெயித்தது, மெஸ்ஸி கேப்டன், அது நல்ல வேடிக்கை. நம் ஆள் யாரும் அதில் ஓடவில்லை. 2025 டிசம்பரில் ஆட்டமே இல்லை, சால்ட் லேக் மைதானத்தில் அவரைச் சுற்றி முக்கியஸ்தர்கள் மொய்த்துக்கொண்டு நின்றார்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து காலரியில் இருந்தவனுக்குத் தலைகூடத் தெரியவில்லை, சீக்கிரமே கிளம்பியும் போய்விட்டார். அப்புறம் நாற்காலி பறந்தது. நாற்காலியை உடைத்ததை நான் சரி என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தக் கோபத்தின் வேர் எனக்குத் தெரியும்.

இப்போது கோலாலம்பூருக்கு வாருங்கள். புக்கிட் ஜலீல் மைதானம், 72,550 பேர். எதிரில் ஆசியான் ஆல் ஸ்டார்ஸ், தென்கிழக்கு ஆசியாவின் பல நாட்டு ஆட்களை அந்த ஒரு ஆட்டத்துக்காகச் சேர்த்த அணி. இரண்டாம் பாதியில் மியான்மரைச் சேர்ந்த மாங் மாங் லுவின் கோல் போட்டார், யுனைடெட் 1-0 என்று தோற்றது, முடிந்ததும் மைதானம் யுனைடெட்காரர்களைப் பார்த்துக் கேலியாகக் கூவியது. அந்த வாரம் நீலகிரிக்கு ரெட் அலர்ட், மரம் சாய்ந்து எங்கள் பக்கம் கரண்ட் இல்லை, நான் மறுநாள்தான் கோலைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். களைத்துப்போய் வந்த பெரிய அணிக்கு அது வெறும் சம்பள நாள். லுவினுக்கு அது வாழ்நாளுக்கான ஒரு மாலை, காலரியில் இருந்த பர்மாக்காரத் தொழிலாளி எவனாவது இருந்தால் அவனுக்கும்தான். ஹாங்காங்கில்கூட முதல் கோல் உள்ளூர் அணியுடையது, பிறகுதான் யுனைடெட் 3-1 என்று தேறியது.

வரட்டும். சீசன் முடிந்த மூன்றாம் நாள் வேண்டாம், ஜூலையில் வரட்டும். போஸ்டரில் யார் படமோ அவர் காலில் பூட்ஸ் இருக்கட்டும். எதிரில் அந்தந்த ஊர் அணி நிற்கட்டும், நாளைக்கு இந்தியாவுக்கு வந்தால் நம் பசங்கள் நிற்கட்டும். இதைக் கேட்டு நீங்கள் பதினைந்து பேரும் சண்டை போட்டால் நானும் உங்களோடு சேர்ந்து கத்துகிறேன்.

உங்கள் நண்பருக்கு இன்றைக்கே போன் செய்யுங்கள். "ரசிகனா" என்று கேட்டவரே பேசட்டும். அந்தக் கோல் விழுந்தபோது அவர் எந்தப் பக்கக் காலரியில் இருந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று நிதானமாகக் கேட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்