இலையைக் குடித்தால் மலேரியா போகுமா? - வாசகர் கேள்வி பதில்

மலேரியா மருந்துகளைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சொற்கள் மட்டும் வேறு. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்தை ஆர்ட்டிமீசியா ஆன்னுவா என்ற செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அப்படியானால் காய்ந்த இலையைக் கஷாயம் போட்டுக் குடித்தாலே போதுமே, மாத்திரை எதற்கு?

பதில்: போதாது. இலையில் மருந்து இருக்கிறது என்பது உண்மை, எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் சிக்கல். சில செடிகளின் காய்ந்த இலையில் எடைக்கு 0.1 சதவீதம்கூடத் தேறாது, தேர்ந்தெடுத்து வளர்த்த ரகங்களில் 1 சதவீதத்தையும் தாண்டும். விதை, மண், எப்போது அறுத்தார்கள், எப்படி உலர்த்தினார்கள், எத்தனை மாதம் மூட்டையில் கிடந்தது என்று எல்லாமே அந்த அளவை மாற்றும். போதாக்குறைக்கு, ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் லேசில் கரையாது.

சரி, கொஞ்சமாவது உள்ளே போகிறதே, அது வேலை செய்யாதா என்றால், செய்யும், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நோய் முற்றியவர் உடலில் மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணிகள் ஒரு லட்சம் கோடி வரைகூட இருக்கலாம். முழு அளவில் கொடுத்த ஆர்ட்டிமிசினின், ஒட்டுண்ணி ரத்தத்தில் பெருகும் 48 மணி நேரச் சுழற்சி ஒவ்வொன்றிலும் அந்த எண்ணிக்கையை ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மலேரியா மருந்துகளில் இவ்வளவு வேகம் அரிது. மூன்று நாள் சிகிச்சையில் இரண்டு சுழற்சி அடிபடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் பத்தாயிரம் ஒட்டுண்ணி மிச்சம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்ட்டிமிசினினோ சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். அதனால்தான் லூமிஃபான்ட்ரின் போல, ரத்தத்தில் பல நாள் தங்கி மிச்சத்தைத் தீர்க்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்தே கொடுக்கிறார்கள். முழு அளவுக்கே இந்தக் கதி என்றால், அளவு தெரியாத கஷாயத்துக்கு என்ன ஆகும்? காய்ச்சல் இறங்கும், ஆள் எழுந்து நடமாடுவார், ஒட்டுண்ணி உள்ளேயே இருக்கும். கஷாயத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இதுதான் நடந்தது, முதலில் தேறிய பலருக்குச் சில வாரங்களில் நோய் திரும்பியது. உலக சுகாதார நிறுவனமும் இந்தச் செடியின் இலையை எந்த வடிவிலும் மலேரியாவுக்குப் பரிந்துரைக்கவில்லை.

ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்காவிட்டால் நோய் உயிருக்கே ஆபத்தாக முற்றக்கூடும். கஷாயம் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்று காத்திருக்கிற நோய் இல்லை இது.

கேள்வி: ஆனால் இந்த மருந்தே ஒரு பழைய சீன வைத்திய நூலைப் பார்த்துத்தானே கண்டுபிடித்தார்கள்? அந்த வைத்தியர்கள் சொன்னது சரி என்றுதானே அர்த்தம்?

பதில்: சரிதான், அந்தப் பெருமையைக் குறைக்க நான் தயாரில்லை. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன வைத்தியர் கெ ஹோங், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு இந்தச் செடி ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடிக்கும்படி எழுதிவைத்தார். 1967-இல் சீன அரசு 523 என்ற பெயரில் ரகசியமாக ஒரு மலேரியா மருந்துத் திட்டத்தைத் தொடங்கியது, பின்னர் அதில் சேர்ந்த ஆய்வாளர் தூ யூயூவின் குழுவுக்கு இந்தச் செடி முதலில் ஏமாற்றத்தையே கொடுத்தது. சாறு ஒருமுறை எலியில் வேலை செய்யும், மறுமுறை செய்யாது. பழைய குறிப்பைத் திரும்பப் படித்தபோதுதான், அதில் கொதிக்கவைக்கச் சொல்லவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, உடல் வெப்ப அளவிலேயே கொதித்துவிடும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971 அக்டோபரில் 191-ஆம் எண் மாதிரி, எலிகளில் இருந்த ஒட்டுண்ணியை முழுக்க ஒழித்தது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் தங்கள் உடலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 2015-இல் நோபல் பரிசு வந்தது.

பழைய குறிப்பு வழிகாட்டியது, அதிலிருந்து மருந்து வரை போகப் பல வருட உழைப்பு தேவைப்பட்டது. முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

கேள்வி: வேம்பு, நிலவேம்பு, மஞ்சள் எல்லாமே மலேரியா கிருமியைக் கொல்வதாக அடிக்கடி செய்தி வருகிறதே. பிறகு ஏன் ஒன்றுகூட மருந்தாக வரவில்லை? கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றனவா?

பதில்: செய்தி பெரும்பாலும் பொய் இல்லை, நடந்த இடம்தான் வேறு. 1976-இல் டிரேகர், ஜென்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணியை மனிதச் சிவப்பணுக்களில் வைத்து ஆய்வகத்திலேயே தொடர்ந்து வளர்க்க வழி கண்டார்கள். அதன்பிறகு எந்தச் செடியின் சாற்றையும் தட்டில் ஊற்றிச் சோதிப்பது எளிதாகிவிட்டது. ஊற்றினால் நிறைய செடிகள் ஒட்டுண்ணியைக் கொல்லத்தான் செய்கின்றன. வேம்பில் உள்ள கெடுனின், நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராஃபோலைடு, மஞ்சளில் உள்ள குர்குமின் எல்லாம் அந்தக் கட்டம் வரை வந்தவைதான்.

எவ்வளவு ஊற்றினால் என்று கேளுங்கள். ஆர்ட்டிமிசினின் நானோமோலார் அளவிலேயே வேலையை முடித்துவிடும். குர்குமினுக்குப் பல மைக்ரோமோலார் (ஒரு மைக்ரோமோலார் செறிவு என்பது ஆயிரம் நானோமோலார்) வேண்டும், நூறு மடங்குக்கும் மேல். அதைவிடப் பெரிய தடை, விழுங்கிய குர்குமினில் மிகச் சொற்பமே ரத்தத்துக்குப் போய்ச் சேர்கிறது. தட்டில் இருந்த அளவை உடலுக்குள் கொண்டுவரவே முடியாது. அப்புறம், ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவில் அந்தப் பொருள் நம் செல்லையும் கொல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பல செடிகள் இங்கேயே விழுந்துவிடுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் ஒரு கொடியின் வேரிலிருந்து கிடைக்கும் கிரிப்டோலெபின் ஒட்டுண்ணியை நன்றாகவே தாக்குகிறது. ஆனால் டிஎன்ஏவுக்குள்ளேயே போய்ச் செருகிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அதை நோயாளிக்கு எப்படிக் கொடுப்பது? இதில் யாரும் எதையும் அமுக்க வேண்டிய தேவையே இல்லை.

செடியின் பொருள் அப்படியே மருந்தாகாமல், அதன் அமைப்பை ஒட்டி வேறொன்றைச் செய்து ஜெயித்ததும் உண்டு. தென் அமெரிக்க மரம் ஒன்றில் கிடைக்கும் லபாச்சால் மருந்தாகத் தேறவில்லை. அதே குடும்பத்து வேதிப்பொருள்களை மாற்றி மாற்றிச் செய்துபார்த்த வழியில் வந்ததுதான் அட்டோவாகுவோன் என்ற மலேரியா மருந்து. புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்து இன்று உலகம் முழுக்கப் பயணிகள் முன்தடுப்பாகச் சாப்பிடுகிறார்கள்.

கேள்வி: டானிக் வாட்டரில் குயினைன் என்ற மலேரியா மருந்து இருக்கிறதாமே, தினமும் குடித்தால் மலேரியா வராதா?

பதில்: அமெரிக்க விதிப்படி அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 83 மில்லிகிராமுக்கு மேல் குயினைன் இருக்கக் கூடாது. சிகிச்சைக்கு வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராம் அளவில் தேவைப்படும். இருபது லிட்டருக்கு மேல் குடிக்கத் தயாரென்றால் சொல்லுங்கள்.

கேள்வி: செடியிலிருந்து வந்தது என்பதால் பக்கவிளைவு இருக்காது, அப்படித்தானே?

பதில்: குயினைன் சாப்பிட்டவர்களைக் கேளுங்கள். காதில் ரீங்காரம், தலைசுற்றல், குமட்டல், சிலருக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போவது, எல்லாமே சின்கோனா மரப்பட்டையின் உபயம். டைக்ரோவா என்ற செடியின் ஃபெப்ரிஃபுஜினும் மலேரியாவைத் தீவிரமாகத் தாக்கும், ஆனால் வாந்தியும் கல்லீரல் பாதிப்பும் சேர்ந்தே வந்ததால் கைவிட்டார்கள். ஒட்டுண்ணியைக் கொல்லும் வலிமை உள்ள பொருள் நம்மை மட்டும் தொடாது என்று எப்படி எதிர்பார்க்கிறோம் என்பது எனக்குப் புரிவதில்லை.

கேள்வி: எனக்கு வைவாக்ஸ் மலேரியா வந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, இரண்டு மாதத்தில் கொசுக்கடியே இல்லாமல் திரும்ப வந்துவிட்டது. இதை வேரோடு அறுக்க மூலிகை ஏதாவது உண்டா?

பதில்: இல்லை, நிரூபிக்கப்பட்டது எதுவும் இல்லை. வைவாக்ஸ் ஒட்டுண்ணியில் ஒரு பகுதி கல்லீரலுக்குள் போய்த் தூங்கிக்கொள்ளும், வாரங்களோ மாதங்களோ கழித்து எழும். செடிகள் தந்த இரண்டு பெரிய மருந்துகளான குயினைனும் ஆர்ட்டிமிசினினும் ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும், தூங்குவதைத் தொடாது. அதைத் தீர்ப்பவை பிரைமகுவினும் டஃபெனோகுவினும், இரண்டுமே முழுக்க வேதியியல் கூடத்தில் செய்தவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இவை சிவப்பணுக்களை உடைத்துவிடும் என்பதால் முதலில் அந்தப் பரிசோதனை வேண்டும். போன முறை உங்களுக்கு இதில் எதையாவது கொடுத்தார்களா, கொடுத்திருந்தால் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட்டீர்களா என்று பழைய சீட்டை எடுத்துப் பாருங்கள், அதோடு மருத்துவரிடம் போங்கள்.