டியூஷன் சாரைத் தேடும் முன் ரஃப் நோட்டைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் காலாண்டில் கணக்கில் 38, மற்றப் பாடங்களில் எல்லாம் எழுபதுக்கு மேல். பக்கத்தில் மூன்று டியூஷன் இருக்கிறது, எதில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடக்கும் சென்டர். ஒரு பேட்சுக்கு நாற்பது பிள்ளைகள், சுவர் முழுக்கப் போன வருடம் நூறு எடுத்தவர்களின் படம். இரண்டாவது, வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிற ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மூன்றாவது, எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இப்போது பி.எட். படிக்கும் அடுத்த தெருப் பெண். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதிலும் 'அனுபவம் இல்லை' என்று சேர்த்துவிட்டீர்கள்.

சரி, மூன்றையும் பார்ப்போம். அதற்கு முன் இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். காலாண்டு விடைத்தாளையும் கணக்கு ரஃப் நோட்டையும் மகளிடம் வாங்கிப் பாருங்கள். திட்டுவதற்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ரஃப் நோட்டு கிடைக்காது. உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எங்கெல்லாம் வெற்றாக விட்டிருக்கிறாள், எங்கே இரண்டு வரி எழுதி நிறுத்தியிருக்கிறாள், எங்கே பக்கம் முழுக்கப் போட்டும் சிவப்புச் சுழி விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், போதும். வெற்று இடம் அதிகமென்றால் அந்தப் பாடமே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு வரியில் நிற்கிறது என்றால் பாடம் புரிந்திருக்கிறது, பழைய வகுப்பில் ஏதோ ஒன்று காலை வாருகிறது. பக்கம் முழுக்கப் போட்டுத் தப்பு என்றால் பெரும்பாலும் மைனஸ் குறி, பின்னம், அடைப்புக்குறி. இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரையாக, முதல் பாடத்திலிருந்து மறுபடி நடத்தித் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொஞ்சம் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் யோசனை சொல்கிற நான், என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது ஊரே சேர்க்கிறது என்று ஒரு பெரிய சென்டரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வாராவாரம் டெஸ்ட், மார்க் உடனே செல்போனுக்கு வந்துவிடும். 50-க்கு 21, 50-க்கு 19, 50-க்கு 22. எட்டு மாதம் மார்க் வந்தது. ஏன் அந்த மார்க் என்று ஒரு வரி வரவில்லை. நானும் கேட்கவில்லை. கடைசியில் வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது, 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே! கீழ்வகுப்பில் விழுந்த ஓட்டையை மூடாமல் அதன்மேல் நான்கு வருடம் மாடி கட்டிக்கொண்டு போயிருக்கிறோம்.

நல்ல டியூஷன் ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பிள்ளை தப்பாகப் போடும்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள் என்பேன். சரியான விடையை எல்லாரும் பாராட்டுவார்கள்.

என்னிடம் வந்த ஒரு குடும்பம் ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் டெமோ கிளாஸ் வைத்தது. பையன் பத்தாவது, தமிழ் வழி. நானும் கூட இருந்தேன். முதலில் வந்தவர் விகிதமுறு கோவைகளில் ஆறு கணக்கை நாற்பது நிமிடத்தில் போட்டுக் காட்டினார். கையெழுத்து அச்சடித்த மாதிரி. நடுநடுவே, "புரிஞ்சுதா?" பையன் ஆறு முறையும் தலையாட்டினான். அம்மாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. அவர் போனதும் அதே ஆறில் ஒன்றை எடுத்து, இதைப் போடு என்றேன். பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இரண்டாவதாக வந்தவர் பையனிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு அவர் சும்மா இருந்தார். பையன் கழித்தலில் தடுமாறினான். உடனே x, y என்ற எழுத்தையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு தாளில் 7 − 2(3 − 5) என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பையன் 7 − 6 − 10 என்று பிரித்து −9 என்று போட்டான். தப்பு என்று அவர் சொல்லவில்லை. "அடைப்புக்குள்ள இருக்கறத மொதல்ல முடிச்சிட்டு வா, பாப்போம்" என்றார். 3 − 5, −2. −2-ஐ −2-ஆல் பெருக்கினால் 4. ஏழோடு கூட்டினால் 11.

"ஒரே கணக்குக்கு ரெண்டு விடை வருதே. எது சரி?" என்று சார் கேட்டார்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, சொல்லிக்கொடுத்துவிடத் துடித்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பையன் −9-ஐ அடித்துவிட்டு, மேலே போய் −10-ஐத் தொட்டு, "இது பிளஸ் பத்தா வரணும், மைனஸும் மைனஸும்ல?" என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் பாடத்திலிருந்து ஒரே ஒரு கணக்குத்தான் முடிந்தது. அம்மாவுக்கு அந்த சாரைப் பிடிக்கவில்லை. "போர்ஷன் எப்ப சார் முடியும்?" என்றார்.

போர்ஷன் கவலை நியாயமானதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டுப் பாடம். அரையாண்டு டிசம்பரில் வந்துவிடும், அதன்பின் திருப்புதல் தேர்வுகள். ஆனால் போர்ஷனை முடிப்பது பள்ளிக்கூடத்தின் வேலை. டியூஷனிலும் அதையே இரண்டாவது தரம் முடிப்பதற்கு நீங்கள் தனியாக ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. பள்ளியில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு அந்த ஆசிரியரால் செய்ய முடியாத ஒன்று, உங்கள் பிள்ளையின் பேனா எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. அதைச் செய்யத்தான் டியூஷன்.

இன்னொரு வகை ஆசிரியரையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் 14 கேள்வி. இரண்டு மதிப்பெண்ணில் 14-க்கு 10. ஐந்து மதிப்பெண்ணில் 14-க்கு 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு, வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. ஒன் வேர்டு 14, ஜியாமெட்ரி 8, கிராஃப் 8, ஆக 30. மேலே இரண்டு மார்க் கேள்வி மூன்று எழுதினால் 36. பாஸுக்கு 35 போதும். இயற்கணிதத்தைப் பெரிதாகத் தொடாமலே ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிடலாம். இதில் கைதேர்ந்த சார்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பிப்ரவரியில் பதினெட்டு மார்க்கில் நிற்கும் பிள்ளைக்கு அதுதான் மருந்து.

ஆனால் உங்கள் மகள் அந்த இடத்தில் இல்லை. பிளஸ் ஒன்னில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து இன்ஜினீயரிங் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் கட்-ஆஃப் 200-க்கு. அதில் கணக்குக்கே 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. இயற்பியலுக்கு உள்ளேயும் பாதி கணக்குத்தான். இப்போது இயற்கணிதத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுப் போனால் பிளஸ் ஒன் தொடங்கிய சில வாரங்களிலேயே பிடித்துக்கொள்ளும். பத்தாவதில் எண்பது எடுத்த பிள்ளை பிளஸ் ஒன் முதல் மிட்-டெர்மில் 28 எடுத்து அழுதுகொண்டு வருவதை வருடா வருடம் பார்க்கிறேன். அதனால் டியூஷன் சாரிடம் "சென்டம் வாங்கித் தருவீர்களா?" என்று கேட்காமல், "அடுத்த வருஷம் இவ ஃபர்ஸ்ட் குரூப்ல உக்காரணும், அதுக்கு எதைச் சரிபண்ணணும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும்.

படிப்பும் அனுபவமும் வேண்டாமா என்றால், வேண்டும். பாடம் கரதலப் பாடமாக இருக்க வேண்டும். கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்லித்தருபவர் நமக்கு உதவ மாட்டார். ஆனால் முப்பது வருட அனுபவம் என்பது சில பேருக்கு ஒரே வருடம் முப்பது தடவை. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் 2018, 2019-இல் அடியோடு மாறின. ஓய்வுபெற்றவரிடம், புதுப் புத்தகத்தைக் கொண்டு எத்தனை பேட்ச் நடத்தியிருக்கிறார் என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. உங்கள் மகள் தமிழ் வழி என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். பள்ளியில் 'தொடுகோடு' என்றும் டியூஷனில் 'டேன்ஜென்ட்' என்றும் கேட்டு, இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்திருக்கிறாள்.

பள்ளி ஆசிரியரிடமே டியூஷன் வைக்கலாமா என்று ஓரமாகக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆவது பிரிவில், ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், வகுப்பில் சந்தேகம் கேட்டால், "சாயந்தரம் வா, சொல்றேன்" என்கிற நிலைமை வந்துவிட்டால் டியூஷனுக்கு வராத பிள்ளையின் கதி என்ன?

மாடி சென்டரின் சுவரில் உள்ள படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நூறு எடுத்த பிள்ளைகள் சேரும்போது எத்தனை எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று கேளுங்கள். 95-ஐ 100 ஆக்குவது ஒரு வித்தை, 38-ஐ 70 ஆக்குவது வேறு வித்தை. நம் வீட்டுக்கு இரண்டாவதுதான் தேவை. மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. மார்க்குக்கோ ரேங்க்குக்கோ உத்தரவாதம் தரக் கூடாது, பாதியில் விலகினால் மீதி நாட்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், பாடம் நடத்துபவர் பட்டதாரியாகவாவது இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஐம்பது பேருக்கு மேல் படிக்கும் இடங்களுக்கான நெறிமுறை அது. உங்கள் மாடி சென்டர் மொத்தம் எத்தனை பேர் என்று தெரியவில்லை, எப்படியானாலும் அதே கேள்விகளைக் கேட்பதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். மாதாமாதம் கட்டுங்கள், ஐந்நூறு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

வீட்டுக்கு யார் வந்தாலும் பாடம் ஹாலில், கதவு திறந்திருக்க, வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கும் நேரத்தில் நடக்கட்டும். நல்ல ஆசிரியர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், அவரே கேட்பார். மகள் திடீரென்று "நான் போகல" என்றால் சோம்பேறித்தனம் என்று முடிவுகட்டுவதற்கு முன் காரணம் கேளுங்கள். வீட்டில் சொல்லத் தயங்குகிற விஷயமென்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது என்பது அவளுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இனி உங்கள் மூன்று பெயர்கள். மாடி சென்டர் இந்த வருடம் வேண்டாம். நாற்பது பேர் வகுப்பிலிருந்து எழுந்து இன்னொரு நாற்பது பேர் வகுப்புக்குப் போவதில் அவளுக்கு ஒன்றும் மாறாது. தலைமை ஆசிரியரும் அந்தப் பெண்ணும் ஆளுக்கு ஒரு டெமோ எடுக்கட்டும். நீங்கள் பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டே காதை மட்டும் கொடுங்கள். யார் குரல் அதிகம் கேட்கிறது? சாருடையது மட்டும் என்றால் எனக்குச் சரிப்படாது. "இதுகூடத் தெரியாதா?" என்ற வார்த்தை ஒரு தடவை வந்தாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதைக் கேட்ட பிள்ளை அடுத்த சந்தேகத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ளும். டெமோ முடிந்ததும் மகளிடம், "சார் நல்லா நடத்தினாரா?" என்று கேட்டால் "ம்" என்பாள். "இன்னிக்கு எதைத் தப்பாப் போட்ட?" என்று கேளுங்கள். சட்டென்று ஒன்றைச் சொல்லி, எதனால் தப்பு என்றும் சொன்னால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள். என் ஊகம் அந்தப் பி.எட். பெண் பக்கம் சாய்கிறது. தான் கஷ்டப்பட்டுப் படித்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். ஆனால் ஊகம் ஊகம்தான், டெமோ பார்த்து முடிவெடுங்கள்.

வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். தினமும் வைத்தால் அவள் தானாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க நேரம் இருக்காது. மூன்று மாதத்தில் மூன்று நாளை இரண்டாக்கலாமா என்று ஆசிரியரே கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அரையாண்டு முடிந்ததும் மார்க்கைப் போனில் சொல்லாதீர்கள். விடைத்தாளையும் ரஃப் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவளோடு நேரில் வாருங்கள். ஃபர்ஸ்ட் குரூப்பா வேறா என்பதை அதைப் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.