பரிசோதனைக் கூடங்கள் டிஜிட்டலானால் உண்மையில் என்ன மாறுகிறது?

ரிப்போர்ட் செல்பேசிக்கு வருவதைத்தான் டிஜிட்டல் மாற்றம் என்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது கடைசிப் படி மட்டும். பெரிய வேலை நம் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது.

லேப் தவறுகளில் பெரும்பாலானவை இயந்திரத்துக்குள் நடப்பதில்லை; மாதிரி உள்ளே போகும் முன்பே நடந்துவிடுகின்றன. ஆள் மாறிய குழாய், தப்பாக ஒட்டிய லேபிள், இப்படி. அதனால் என் கணக்கில் முதல் மரியாதை பார்கோடுக்குத்தான். அதைப் படித்ததும் யாருடைய ரத்தம், என்ன சோதனை என்பதை இயந்திரமே தெரிந்துகொள்கிறது. அப்புறம் மென்பொருள் பழைய முடிவோடு ஒப்பிடும். நேற்று 4.1 இருந்த பொட்டாசியம் இன்று 6.8 என்றால் ரிப்போர்ட்டை நிறுத்திவைக்கும். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்திருக்கலாம். மாதிரியே வேறொருவருடையதாகவும் இருக்கலாம். நிஜமாகவே ஏறியிருந்தால் மருத்துவருக்கு உடனே போன் போக வேண்டும்.

எக்ஸ்ரே, சிடி எல்லாம் எப்போதோ ஃபிலிமை விட்டுவிட்டன. மருத்துவப் படங்களைச் சேமிக்கவும் பரிமாறவும் உதவும் டைகாம் என்ற பொது வடிவம் வந்தது 1993இல். திசுப் பரிசோதனைதான் தாமதம். திசு வைத்த கண்ணாடித் தகட்டை ஸ்கேன் செய்து திரையில் பார்த்தே நோயைக் கணிக்கும் கருவிக்கு மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ முதல் அனுமதி தந்தது 2017இல். காரணங்களில் ஒன்று கோப்பின் அளவு. ஒரு பிக்சலுக்கு 0.25 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்தால், பக்கத்துக்கு 15 மில்லிமீட்டர் உள்ள சதுரத் திசுவுக்கே 360 கோடி பிக்சல். ஒரு நோயாளிக்கு இப்படிப் பத்துத் தகடுகள் வருவதும் சகஜம். சேமிப்புச் செலவு கையைக் கடிக்கும்.