எலுமிச்சைச் சாற்றில் நிறம் மாறாதது தோல்வியா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பும் மகன் மூன்றாம் வகுப்பும் படிக்கிறார்கள். விடுமுறையில் அவர்களைக் கைப்பேசியிலிருந்து விலக்க எண்ணி, அறிவியல் சோதனைப் பெட்டி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். யூடியூபைப் பார்த்து ‘எரிமலை’ செய்தோம். நுரை பொங்கி வழிந்ததும் கைதட்டினார்கள், ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்கள். மஞ்சள் தடவிய தாளில் எலுமிச்சைச் சாறு விட்டபோது நிறம் மாறவில்லை என்று மகன் அழுதுவிட்டான். தண்ணீர் ஊற்றிய தட்டில் எரியும் மெழுகுவர்த்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்தால் தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வணிகவியல் படித்தவள். அறிவியல் படிக்காத தாய் இவற்றையெல்லாம் வீட்டில் செய்யலாமா? எப்படிச் செய்வது?

– வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, தாராளமாகச் செய்யலாம். நீங்கள் வணிகவியல் படித்தது இதற்கு எவ்வகையிலும் தடையாகாது. உங்கள் வீட்டில் நடந்த மூன்று சோதனைகளில் எதுவும் தோற்கவில்லை. மூன்றும் பாதியில் நின்றுவிட்டன, அவ்வளவுதான். வீட்டில் செய்யும் சோதனை பெரும்பாலும் ஒரு காட்சியாகவே முடிந்துவிடுகிறது. பெரியவர் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் வியக்கிறார்கள், பிறகு பெரியவரே விளக்கமும் சொல்லிவிடுகிறார். அதே பொருள்களை வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டு, செய்வதற்கு முன்பே தங்கள் ஊகத்தைப் பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொல்லி, அதன் பிறகு செய்து பார்த்தால்தான் அது சோதனையாகிறது.

மகனை அழவைத்த மஞ்சளிலிருந்தே தொடங்குவோம். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைச் சந்தித்தால் சிவக்கும். அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். ஆகவே எலுமிச்சைச் சாறு பட்டும் தாள் மாறாமல் இருந்ததே சரியான முடிவு. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் அது குருதிச் சிவப்பாக மாறுவதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். குழம்புக் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதற்கும் காரணம் அதுவே. அந்தத் தாளைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்து, புளித்தண்ணீர், சோப்புத்தண்ணீர், மோர், துணி துவைக்கும் சோடாக் கரைசல், ஆப்பசோடாக் கரைசல் ஆகியவற்றில் எவையெல்லாம் தாளைச் சிவக்க வைக்கும் என்று மகனை முதலில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் துளி விட்டுப் பார்க்கட்டும். துவைக்கும் சோடா பளிச்சென்று சிவக்க வைக்கும். ஆப்பசோடாவோ மிக மெலிதான மாற்றத்தையே தரும், சில வேளை ஒன்றுமே தெரியாது. அது வலுக்குறைந்த காரம். இரண்டும் ‘சோடா’தானே, ஏன் இந்த வேறுபாடு என்று அவன் கேட்டால், அன்றைய பொழுது வீணாகவில்லை என்று கொள்ளலாம். சிவந்த தாளின் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாவதையும் அவனே கண்டுபிடிக்க விடுங்கள்.

இதே இடத்தில் மகளுக்குச் சற்றுக் கடினமான வேலை ஒன்று உண்டு. மஞ்சள் தாளால் எலுமிச்சைச் சாற்றையும் வெறும் தண்ணீரையும் வேறுபடுத்த முடியாது, இரண்டிலும் அது மஞ்சளாகவே இருக்கும். வேறுபடுத்த என்ன செய்வது என்று அவளிடம் கேளுங்கள். நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடித்தால் கிடைக்கும் நீல நீர், எலுமிச்சை பட்டால் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும், காரம் கூடினால் பச்சையாகும். சங்குப்பூ கிடைக்காவிட்டால் செம்பருத்தி இதழ்களும் உதவும். ஒரு கருவி எதைக் காட்டும் என்பதோடு எதைக் காட்டாது என்பதையும் அறிந்துகொள்வது பதினொரு வயதுப் பெண்ணுக்கு எட்டாத செய்தி அன்று. கல்லூரி ஆய்வகத்திலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

அடுத்தது மெழுகுவர்த்தி. உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாதது உங்களுக்கு நன்மையாகவே முடிந்தது என்று நினைக்கிறேன். ஏனெனில் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் தவறு. சுடர் டம்ளருக்குள் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது, காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதால் தண்ணீரும் அந்த அளவுக்கு ஏறி அதன் இடத்தைப் பிடிக்கிறது என்று பல இடங்களில் எழுதியிருக்கும். கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதாலேயே இது நெடுங்காலமாக நிலைத்துவிட்டது. ஆனால் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதற்கு வெகு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரியும்போது உண்டாகும் கரியமில வாயுவும் நீராவியும் டம்ளருக்குள்தான் இருக்கின்றன. தண்ணீர் ஏறுவதன் முதன்மையான காரணம் வெப்பம். சுடரின் சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி டம்ளரின் விளிம்பு வழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் நீராகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நான் சொன்னேன் என்பதற்காக உங்கள் மகள் ஏற்க வேண்டியதில்லை. ஆக்சிஜன்தான் காரணம் என்றால், அதே டம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்தி வைத்தாலும் மூன்று வைத்தாலும் தண்ணீர் ஒரே அளவுதான் ஏற வேண்டும். வெப்பம்தான் காரணம் என்றால், மூன்று வைக்கும்போது கூடுதலாக ஏற வேண்டும். எது நடக்கும் என்று முதலில் எழுதிவைக்கட்டும். அகலமான கண்ணாடி டம்ளரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்துப் பார்த்து, தண்ணீர் ஏறிய மட்டத்தை ஒவ்வொரு முறையும் பேனாவால் குறிக்கட்டும். மூன்று சிறிய மெழுகுவர்த்திகளை வைத்தால் மட்டம் தெளிவாக உயரும். கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: சுடர் எரியும்வரை தண்ணீர் அவ்வளவாக ஏறாது, அணைந்த பிறகே விறுவிறுவென்று ஏறும். நெருப்பே இல்லாமலும் இதைச் சரிபார்க்கலாம். பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் வெந்நீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு உடனே இறுக மூடிவையுங்கள். ஆற ஆறப் பாட்டில் உள்நோக்கி ஒடுங்கும். அங்கே எதுவும் எரியவில்லை, ஆக்சிஜன் தீரவும் இல்லை.

மைக்கேல் ஃபாரடே லண்டனிலுள்ள ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர்களுக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார், முதலில் 1848-லும் மீண்டும் 1860-61-லும். அவரும் முறையாக அறிவியல் படித்தவர் அல்லர். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய சிறுவனாக இருந்து, கட்ட வந்த நூல்களைப் படித்தும், படித்ததைத் தானே செய்து பார்த்தும் அறிவியலுக்குள் வந்தவர். வணிகவியல் படித்தவள் என்று நீங்கள் தயங்கி எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு அவர் நினைவே வந்தது.

‘எரிமலை’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பசோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவதற்கும் உண்மையான எரிமலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பொங்கும் கலவையில் விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அது குளிர்ந்திருக்கும். அந்த வினை சூட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மண்ணால் மலை செய்து சிவப்புச் சாயம் கலந்து அலங்கரிப்பது ஓவியப் பாடத்துக்குப் பொருந்தலாம், அறிவியலுக்கு அதனால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. அதற்குப் பதிலாக, சிறிய பாட்டிலில் ஒரு தேக்கரண்டி வினிகரும் பலூனுக்குள் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் போட்டு, பலூனைப் பாட்டிலின் வாயில் மாட்டி நிமிர்த்துங்கள். வரும் வாயு பலூனை உப்ப வைக்கும். அதன் சுற்றளவை நூலால் அளக்கலாம். பிறகு சோடாவின் அளவை மாற்றாமல் வினிகரை மட்டும் இரண்டு, மூன்று, நான்கு தேக்கரண்டி என்று கூட்டிக்கொண்டே போனால் பலூன் மேலும் பெரிதாகும் என்றே இருவரும் எழுதுவார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது பெரிதாகாது. ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இனி எதைக் கூட்டினால் பலூன் மறுபடி பெரிதாகும் என்று மட்டும் கேளுங்கள். சோடாவைக் கூட்டிப் பார்க்கும் கை தானாக நீளும்.

நூலும் பூட்டும் மட்டுமே கேட்கும் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சன்னல் கம்பியில் நூலைக் கட்டி அதன் முனையில் ஒரு சிறிய பூட்டைத் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டி, பத்து முழு ஆட்டங்களுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் அளக்க வேண்டும். கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுப்பகுதி வரை 100 செ.மீ. இருந்தால் ஏறத்தாழ 20 நொடி ஆகும். நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். ஆனால் 50 செ.மீ. நீளத்துக்கு 14 நொடி வரும், 25 செ.மீ. ஆக்கினால்தான் 10 நொடி வரும். கனமான பூட்டை மாட்டினாலும் நேரம் மாறாது என்பது இன்னொரு வியப்பு. இதில் ஒவ்வொரு முறையும் அளவு சிறிது மாறி மாறி வரும்; அது பிழையன்று. மூன்று முறை அளந்து சராசரி எடுக்கும் பழக்கம் இங்கேதான் பிடிபடும். கணக்கில் தேர்ந்த நீங்கள் மகளுக்கு அட்டவணை போடக் கற்றுக்கொடுக்கலாம்.

பொறுமையாகக் காத்திருக்கும் பழக்கத்துக்கு முளைப்பாரி உதவும். ஊறவைத்த பச்சைப்பயற்றை இரண்டு கிண்ணங்களில் விதைத்து, ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதைக் கவிழ்த்த பானைக்குள் இருட்டிலும் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர் தெளித்துவாருங்கள். வெளிச்சம் இல்லாததால் இருட்டில் இருப்பது குட்டையாக நிற்கும் என்று மகன் சொல்லக்கூடும். நான்கைந்து நாளில் அதுவே நெட்டையாக, வெளிறிய மஞ்சள் நிறத்தில் நிற்கும். வெளிச்சத்தைத் தேடி, விதையில் சேர்த்துவைத்த உணவையெல்லாம் தண்டை நீட்டுவதில் அது செலவிடுகிறது. கோயில் திருவிழா முளைப்பாரியை இருட்டறையில் வளர்ப்பது ஏன் என்று வீட்டிலுள்ள பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

சில எச்சரிக்கைகளைத் தயவுசெய்து தளர்த்தாதீர்கள். கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் நச்சுவாயுவான குளோரின் வெளிப்படும். மேலே சொன்ன சோப்பும் துவைக்கும் சோடாவும் தவிர, துப்புரவுப் பொருள்கள் எவற்றையும் சோதனைக்கு எடுக்க வேண்டாம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே கையாளுங்கள். அது கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம்; பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். வாயு வெளிப்படும் எந்தக் கலவையையும் மூடியால் இறுக மூடக் கூடாது. மெழுகுவர்த்தியைப் பெரியவர்தான் ஏற்ற வேண்டும், சானிடைசர் அருகில் இருக்கவே கூடாது. மின் இணைப்புச் சோதனைகளைச் சிறிய பேட்டரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுவரிலுள்ள பிளக்கை நாட வேண்டாம். பட்டன் பேட்டரிகளை விழுங்கிவிடும் அபாயம் இருப்பதால், வீட்டுக்குச் சிறு குழந்தைகள் வந்துபோனால் அவற்றைப் பூட்டிவையுங்கள்.

மேலும் சோதனைகளைத் தேடினால், தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ இதழைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள். தீக்குச்சி, சைக்கிள் வால்வு ரப்பர், பழைய செய்தித்தாள் போன்றவற்றைக் கொண்டு அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தாவின் காணொளிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் தொடங்கிய திட்டம் ஒன்று, கிராமத்து நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் எளிய பொருள்களைக் கொண்டு தாங்களே சோதனை செய்து கற்கும் முறையை வளர்த்தது. அரவிந்த் குப்தாவும் அதிலிருந்து ஊக்கம் பெற்றவர்தான்.

வாங்கிய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் உள்ள காந்தம், பூதக்கண்ணாடி, அளவுக் குவளை, வெப்பமானி ஆகியவற்றை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். படிப்படியான செய்முறைத் தாளை மட்டும் ஓரமாக வைத்துவிடலாம். பூதக்கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். திருச்சி வெயிலுக்கு வெப்பமானி நல்ல துணை. மண்பானையிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் வைத்து, காலையிலிருந்து மாலைவரை இரண்டின் வெப்பநிலையையும் பிள்ளைகள் குறித்துவரட்டும். மறுநாள் அதே பானையைக் காற்று புகாத அறையில் வைத்து அளக்கட்டும். மழை பெய்து ஈரம் கூடிய நாளில் இன்னொரு முறை. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி மட்டும் இதற்கு உதவாது, அதன் அளவுகோல் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில்தான் தொடங்குகிறது.