மலைக்கு வந்ததுல இருந்து தூக்கம் இல்ல, வயிறு உப்புசம், மனசும் சரியில்ல: என்ன பண்ணலாம்?

கேள்வி: டாக்டர் வணக்கம். எனக்கு 29 வயசு, சொந்த ஊரு திருப்பூர், கல்யாணம் ஆகி கோத்தகிரி வந்து எட்டு மாசம் ஆகுது. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து எதுலயும் மனசு ஒட்டல, சாப்பிட்டா வயிறு கல்லு மாதிரி ஆயிடுது, ரெண்டு நாளைக்கு ஒருவாட்டிதான் போகுது, ராத்திரி 12 மணி வரைக்கும் தூக்கம் வராது, வந்தாலும் மூணு மணிக்கு முழிப்பு. இங்க எல்லாரும் குடிக்கிறாங்கன்னு நானும் ஏழு எட்டு டீ குடிக்கிறேன். குளிருக்கு ரூம்ல கரி அடுப்பு வெச்சு கதவை சாத்திட்டுதான் படுப்போம், காலைல தலை பாரமா இருக்கு. கருத்தடை மாத்திரை தவிர வேற எதுவும் சாப்பிடல. அத்தை அமுக்கரா சூரணம் பால்ல போட்டு குடின்னு சொல்றாங்க, பக்கத்து வீட்டு அக்கா நீலகிரி தைலம் ரெண்டு சொட்டு சர்க்கரைல விட்டு சாப்பிட்டா வாயு போகும்ங்கிறாங்க, வெளிநாட்டுல இருக்கற கொழுந்தனார் மனச்சோர்வுக்கு மூலிகைன்னு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கேப்சூல் ஒரு டப்பா அனுப்பியிருக்கார். இங்கிலீஷ் மாத்திரைக்கு போகாம இயற்கையா சரி பண்ண முடியுமா? நாத்தனாரோட அஞ்சு மாச குழந்தைக்கு சளிக்கு தைலம் தடவலாமான்னும் சொல்லுங்க.

பதில்: மூலிகை எல்லாம் அப்புறம் பேசலாம்மா, அந்த கரி அடுப்பை இன்னிக்கு ராத்திரியே ரூமை விட்டு வெளிய வெச்சுடுங்க. சாத்தின ரூம்ல கரி எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு வாசனையும் கிடையாது கண்ணுக்கும் தெரியாது, புகை இல்லாத நல்ல கரிதானேன்னு நெனைக்கறீங்க பாருங்க அதுலயும் வரும். காலைல தலை பாரம், குமட்டல், அசதின்னா அது குளிரால வந்ததா இந்த வாயுவால வந்ததான்னு யோசிச்சுட்டு இருக்க நேரம் இல்ல. ஊட்டி கொடைக்கானல் பக்கம் ரூமுக்குள்ள கரி மூட்டிட்டு தூங்கினவங்க எந்திரிக்கவே இல்லைன்னு பேப்பர்ல நீங்களும் படிச்சிருப்பீங்க. சாயங்காலம் ஜன்னல் திறந்து வெச்சு குளிர் காயுங்க, படுக்கறதுக்கு முன்னாடி அடுப்பை வெளிய எடுத்துட்டு போங்க, அப்புறம் கம்பளி, சாக்ஸ், ஹாட் வாட்டர் பேக், அது போதும். அடுப்பை எடுத்த பிறகும் தலைவலி நிக்கலன்னா டாக்டரை பாருங்க, கூட படுக்கறவங்களுக்கும் அதே மாதிரி இருந்தா அன்னிக்கே போங்க.

அடுத்தது டீ. நான் சித்த மருத்துவம் படிச்சவ, தினமும் சூரணம் லேகியம்னு எழுதி குடுக்கிறவதான், ஆனா குன்னூர் கோத்தகிரில இருந்து தூக்கம் இல்லைன்னு யார் வந்தாலும் முதல் கேள்வி கடைசி டீ எத்தனை மணிக்குங்கிறதுதான். ஒரு கப் டீல சுமாரா 30ல இருந்து 50 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், டஸ்ட் டீயை கொதிக்க கொதிக்க விட்டு போடற வீட்டுல இன்னும் கூடவே இருக்கலாம். உள்ள போன கஃபீன் பாதியா குறையறதுக்கே சாதாரணமா அஞ்சு மணி நேரம் ஆகும். இதுல உங்களுக்கு தனியா ஒரு சிக்கல் இருக்கு, யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க: கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு லிவர் கஃபீனை மெதுவாத்தான் கழிக்கும், அந்த அஞ்சு மணி நேரம் கிட்டத்தட்ட ரெட்டிப்பாயிடும். அதாவது சாயங்காலம் ஆறரை மணிக்கு வர்க்கியை தொட்டுக்கிட்டு குடிச்ச டீல பாதி விடியகாலை நாலரைக்கும் ரத்தத்துல சுத்திட்டு இருக்கும். உங்க வீட்டுக்காரர் அதே டீயை குடிச்சுட்டு குறட்டை விடறார், நீங்க மட்டும் மூணு மணிக்கு கூரையை பாத்துட்டு படுத்திருக்கீங்கன்னா அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அதுக்காக நாளைக்கே மொத்தமா நிறுத்திடாதீங்க, மண்டை இடிக்கும், எரிச்சல் வரும், அப்புறம் இயற்கை வைத்தியமே ஒத்துக்கலன்னு நீங்க எனக்கு இன்னொரு லெட்டர் போடுவீங்க. மூணு நாளைக்கு ஒரு கப் வீதம் குறைங்க. கடைசில காலைல ஒண்ணு, பத்து பதினோரு மணிக்கு ஒண்ணு, அவ்வளவுதான் நிக்கணும், மத்தியானத்துக்கு மேல டீ வேண்டாம். வீட்டுக்கு வர்றவங்களோட உக்காரணும்ல, கையில டம்ளர் இல்லாம எப்படின்னு கேட்பீங்க, சுக்கு மல்லி காபில காபித்தூள் போடாம வெறும் சுக்கு, மல்லி, கருப்பட்டி மட்டும் கொதிக்க வெச்சு வாங்கிக்கங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. கிரீன் டீயும் டீதான், அதுலயும் கஃபீன் இருக்கு, அதுக்கு மாத்திட்டேன்னு சமாதானம் ஆகாதீங்க.

சாப்பாட்டோட சேர்த்தோ முடிச்ச உடனேயோ டீ குடிக்கற பழக்கம் இருந்தா அதையும் விடுங்க. கீரை, ராகி, பருப்புல இருக்கற இரும்புச்சத்தை டீ உடம்புல சேர விடாது, பாதிக்கும் மேல போயிடும். ஒரு மணி நேரமாவது இடைவெளி குடுங்க, சாப்பாட்டுல கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்க. இரும்புச்சத்து குறைஞ்சா அசதி வரும், எதுலயும் புடிப்பு இருக்காது, சிலருக்கு ராத்திரி கால் ஒரு இடத்துல நிக்காம நமநமன்னு இருக்கும், இதெல்லாம் மனசு சரியில்லைன்னுதான் வெளிய தெரியும்.

இப்ப வயிறு. திருப்பூர்ல நீங்க பாத்திரத்துல வேக வெச்ச பருப்பு இங்க அதே நேரத்துல வேகாது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கம்மி, தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும், அதுக்கு மேல எவ்வளவு தீ வெச்சாலும் சூடு ஏறாது. வெந்த துவரம்பருப்புல ஒண்ணை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கி பாருங்க, வெளிய குழைஞ்சு நடுவுல வெள்ளையா மணல் மாதிரி நறநறன்னு இருந்தா அது வேகல, வயித்துல போய் வாயுவாத்தான் மாறும். மலையில அவரை, பட்டாணி, ராஜ்மா வேற ஜாஸ்தி, படுகர் வீட்டு அவரை குழம்பு ருசிக்கு ஈடே இல்ல, ஆனா காஞ்ச கொட்டையா இருந்தா முதல் நாள் ராத்திரியே ஊற போட்டு அந்த தண்ணியை கீழ ஊத்திட்டு புது தண்ணில குக்கர்ல வைங்க, திருப்பூர்ல வெச்சதை விட ரெண்டு மூணு விசில் கூட. தாளிக்கும்போது பெருங்காயம், சீரகம். சாப்பிட்ட பிறகு அரை ஸ்பூன் ஓமத்தை கொதிக்க வெச்சு வடிகட்டி குடிக்கலாம், உங்க வயசுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

மலைப்பூண்டை பால்ல வேக வெச்சு குடிச்சா வாயு போகும்னு யாராவது சொல்வாங்க, சிலருக்கு அந்த பூண்டும் பாலும்தான் வாயுவையே கிளப்பும், குடிச்சுட்டு உப்புசம் ஜாஸ்தியானா அது உங்களுக்கு இல்லைன்னு விட்டுடுங்க. எட்டு டீ குறைஞ்சா அதோட போற பாலும் சர்க்கரையும் வர்க்கியும் சேர்ந்து குறையுது, மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்கா சுட்ட சாமான் அது, ருசியா இருக்கும், தினமும் நாலு சாப்பிட்டா மலம் எங்க இருந்து இளகும்.

தண்ணியும் குடிக்க மாட்டீங்க, எனக்கு தெரியும், குளிர்ல தாகமே எடுக்காது. பிளாஸ்க்ல வெந்நீர் ஊத்தி பக்கத்துல வைங்க, ஒரு நாளைக்கு ரெண்டு பிளாஸ்க் காலியாகணும். அப்பவும் போகலன்னா ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல் பெரிய டம்ளர் தண்ணில கலக்கி உடனே குடிங்க, தண்ணி கம்மியா குடிச்சா அதுவே அடைச்சுக்கும்.

மனசு விஷயத்துக்கு வெளிச்சம் ரொம்ப முக்கியம். ஊட்டி கூடலூர் பக்கம் ஆடி மழை வாட்டும், கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் கஷ்டம், நாள் கணக்கா மிஸ்ட் இறங்கி பகல்லயே லைட் போட்டுட்டு இருப்போம். வெளிச்சத்தை லக்ஸ்னு அளப்பாங்க, வீட்டு டியூப்லைட் 100ல இருந்து 300 லக்ஸ் இருந்தா பெரிசு, ஆனா மேகம் மூடின நாள்லயும் வெளிய ஆயிரக்கணக்குல லக்ஸ் இருக்கும், தூக்கத்தோட கடிகாரத்தை சரியா வைக்கறது காலைல கண்ணுல படற அந்த வெளிச்சம்தான். அதனால ஸ்வெட்டர், மப்ளர், குடை எடுத்துட்டு தினமும் அரை மணி நேரம் நடங்க, வெயில் வரட்டும்னு காத்துட்டு இருக்காதீங்க. ஆனா நல்லா விடிஞ்ச பிறகு, ஏழு ஏழரைக்கு மேல, டீ தோட்டத்து ஓரத்துல காட்டெருமை நிக்கும், கரடியும் வரும், இருட்டுல வாக்கிங் போற வீரம் எல்லாம் வேணாம்.

இன்னொண்ணும் இருக்கு. புது ஊரு, புது வீடு, அம்மா மூணு மணி நேர தூரத்துல, மழைக்கு ரோடு அடைச்சா அதுவும் இல்ல, இந்த நிலைமைல மனசு வாடறதுக்கு சூரணம் இல்ல. வாரத்துக்கு ஒரு நாளாவது வீட்டுக்கு வெளிய ஆளுங்களோட இருக்கற மாதிரி ஏதாவது ஒண்ணு பிடிச்சுக்கங்க, தையல் கிளாஸோ வேலையோ, உங்க இஷ்டம்.

தூக்கத்துக்கு: படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பொறுக்கற சூட்டு வெந்நீர்ல முழங்கால் கீழ வரைக்கும் பத்து நிமிஷம் கால் வெச்சிருங்க, துடைச்சு சாக்ஸ் போட்டுக்கங்க. பாதம் சூடானாத்தான் உடம்பு உள்சூட்டை வெளிய விட்டு தூக்கத்துக்கு தயாராகும், கால் சில்லுன்னு இருந்தா தூக்கம் தள்ளிப்போகும். ஜாதிக்காய் தூள் பால்ல ஒரு சிட்டிகைன்னா பரவாயில்ல, பர்லியார் பக்கம் மரமே இருக்குன்னு ஸ்பூன் கணக்குல போட்டா படபடப்பு, வாந்தி, இல்லாதது எல்லாம் கண்ணுல தெரியும்.

இப்ப அந்த மூணு சாமான். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் டப்பாவை திறக்காதீங்க. லேசான மனச்சோர்வுக்கு அது வேலை செய்யும்னு நெறைய ஆய்வு இருக்கு, பொய் இல்ல, ஆனா லிவரை முடுக்கி விட்டு மத்த மருந்தை எல்லாம் சீக்கிரம் வெளிய தள்ளிடும், அதுல உங்க கருத்தடை மாத்திரையும் ஒண்ணு. மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கும்போதே கர்ப்பம் ஆகறதுக்கு இது ஒரு வழி. மனச்சோர்வு மாத்திரையோட சேர்த்தாலும் ஆபத்து. நம்ம சோலைக்காட்டு ஓரத்துல பூக்கற மஞ்சள் பூ அதே ஜாதின்னு பறிச்சுட்டு வந்து கஷாயம் வைக்கறவங்களும் இருக்காங்க, அது வேற இனம், வேணாம்.

அமுக்கரா நல்ல மருந்து, நானே குடுக்கறேன், தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் சின்ன சின்ன ஆய்வுல பலன் தெரிஞ்சிருக்கு. ஆனா தைராய்டை ஏத்தி விடும், அபூர்வமா லிவரை பாதிச்சிருக்கு, கர்ப்பத்துல கூடவே கூடாது. அதனால அத்தைகிட்ட ரிப்போர்ட் வந்ததும் ஆரம்பிக்கறேன்னு சொல்லுங்க, மறுத்த மாதிரியும் இருக்காது. என்ன ரிப்போர்ட்னா தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்புக்கு ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி. சோர்வு, மலச்சிக்கல், மனசு மந்தம் மூணும் சேர்ந்து வந்தா தைராய்டு பாக்காம யாரும் எதையும் எழுதக்கூடாது, சித்தாவா இருந்தாலும் சரி அலோபதியா இருந்தாலும் சரி. கருத்தடை மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் மனசு மாறிச்சான்னும் யோசிச்சு பாருங்க, சிலருக்கு அப்படி ஆகும், எழுதி குடுத்த டாக்டர்கிட்ட சொன்னா மாத்தி தருவாங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் இதே சோர்வு இருந்தா, அழுகை நிக்கலன்னா, இருந்து என்ன பண்ணப்போறோம்னு ஒரு தடவை தோணினா கூட, வெந்நீரும் வாக்கிங்கும் பாத்துட்டு உக்காராதீங்க. மனநல ஹெல்ப்லைன் டெலி மனஸ் 14416, இல்ல தமிழ்நாடு அரசோட 104, ரெண்டும் இலவசம், தமிழ்லயே பேசலாம். மாத்திரை தேவைன்னு சொன்னா சாப்பிடுங்க, அதுல எந்த தோல்வியும் இல்ல.

நீலகிரி தைலம் உள்ளுக்கு வேண்டவே வேண்டாம், ரெண்டு சொட்டுன்னு ஆரம்பிச்சு நாளைக்கு ஸ்பூனாகும், அஞ்சு மில்லி போனாலே வலிப்பு, மயக்கம் வரைக்கும் கொண்டு போகலாம். கடையில பக்கத்துலயே விக்கற விண்டர்கிரீன் ஆயில் அதை விட மோசம், வலிக்கு மேல தேய்க்கற சாமான், ஒரு டீஸ்பூன் குடிச்சா இருபது ஆஸ்பிரின் மாத்திரை முழுங்கினதுக்கு சமம், குழந்தை உள்ள வீட்டுல ரெண்டையும் எட்டாத உயரத்துல பூட்டி வைங்க.

நாத்தனார் குழந்தைக்கு தைலம் தடவ வேணாம், நெஞ்சுலயும் வேணாம் மூக்குகிட்ட கர்ச்சீப்லயும் வேணாம், ரெண்டு வயசுக்குள்ள அந்த காரமே மூச்சை திணற வெச்சிடும், கற்பூரம் கலந்த எண்ணெயும் அப்படித்தான். மூக்கு அடைச்சா மெடிக்கல்ல கிடைக்கற உப்புத்தண்ணி சொட்டு மருந்து விடுங்க, தாய்ப்பால் அடிக்கடி குடுக்க சொல்லுங்க, நெஞ்சு குழி விழுந்து வேகமா மூச்சு வாங்கினாலோ பால் குடிக்கலன்னாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போங்க.