இண்டிகேட்டரை நம்பாதீங்க, முன் சக்கரத்தை பாருங்க

கேள்வி (மடிப்பாக்கம் வாசகி): புதுசா கார் ஓட்ட கத்துக்கிட்டு இப்பதான் வேளச்சேரி பக்கம் எடுக்குறேன். முன்னாடி போற ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?

பதில்: இண்டிகேட்டர்ல மட்டும் தேடாதீங்க. வலது பக்கம்னா கை வெளிய வரும், இடது பக்கம்னா கால் வெளிய வரும். சிரிக்காதீங்க, செருப்பு தெரிஞ்சா பிரேக்குல கால வைங்க. பைக்கு வேற ஜாதி, மேடவாக்கத்துல போட்ட இண்டிகேட்டர் விஜயநகர் தாண்டியும் மினுக்கிட்டே வரும், கார் மாதிரி பெரும்பாலான பைக்குல அது தானா அணையாது பாருங்க, அவரும் மறந்துட்டாரு, பின்னாடி வர்ற நாமதான் இப்ப திரும்புவாரு அப்ப திரும்புவாருன்னு பயந்துக்கிட்டே போகணும். அதுக்குத்தான் சொல்றேன் முன் சக்கரத்தை பாருங்க, அது லேசா சாய்ஞ்சாலே விஷயம் தெரிஞ்சிடும். ஷேர் ஆட்டோவுக்கு மட்டும் இதுவும் செல்லாது. அங்க ஆட்டோவையே பாக்காதீங்க, ரோட்டோரத்துல கட்டப்பையோட நிக்குற ஆள பாருங்க, அவர் கைய தூக்கிட்டா ஆட்டோ நடு ரோட்டுல இருந்தாலும் ஒரே வெட்டுல அங்க வந்து நின்னுடும்.

கேள்வி (வடபழனி வாசகர்): சிக்னல்ல இன்னும் 8 செகண்ட் பாக்கி இருக்கு, பின்னாடி ஒருத்தர் ஹாரன்ல கைய வச்சிட்டு எடுக்கவே மாட்டேங்குறாரு. என்ன பண்றது?

பதில்: அவரு லெஃப்ட் போகணும், நீங்க அடைச்சிட்டு நிக்கிறீங்கன்னு கோவம். ஃப்ரீ லெஃப்ட் போர்டு இல்லாத எடத்துல செகப்புன்னா லெஃப்டுக்கும் செகப்புதான், அதனால நகராதீங்க. கண்ணாடிய ஏத்திக்கிட்டு பாட்டு போடுங்க. பச்ச விழுந்ததும் "வூட்ல சொல்லிக்கினு வந்தியா"ன்னு கேட்டுட்டு போவாரு, ஆமாண்ணேன்னு சொல்லிடுங்க.

கேள்வி (கிண்டி வாசகர்): கிண்டியில இருந்து வடபழனி போறேன்னு கெளம்பி, போன வாரம் மீனம்பாக்கம் ஏர்போர்ட் வாசல்ல நின்னேன். கத்திப்பாரால என்னதான் பிரச்சனை?

பதில்: டிக்கெட் இருந்தா அப்படியே டெல்லிக்கு போயிட்டு வந்திருக்கலாம்ல! 2008ல தெறந்த பாலம், இன்னும் பாதி ஊருக்கு பிடிபடல. வடபழனி உங்களுக்கு வலது பக்கம், ஆனா அந்தப் பாலத்துல வலது பக்கம் போகணும்னா இடது பக்கமா ஒடிச்சு ஒரு முழு சுத்து சுத்தணும், அங்கதான் மூளை ஒத்துக்க மாட்டேங்குது. வலது லேனையே புடிச்சிட்டு போனா ஏர்போர்ட் பக்கம் போற ஜிஎஸ்டி ரோடு உங்கள அன்போட அழைச்சிட்டுப் போயிடும். ஒண்ணே ஒண்ணு, தவறவிட்டுட்டா ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க சாமி, முன்னாடி போய் யூ டர்ன் போட்டு வாங்க, பெட்ரோல்தான போகும்.

கேள்வி (தாம்பரம் வாசகி): ஆம்புலன்ஸுக்கு நாம ஒதுங்கி வழி விட்டா அதுக்குப் பின்னாடியே பத்து பைக்கு பறக்குதே?

பதில்: அவங்க எல்லாரும் நோயாளிக்கு நெருங்கின சொந்தம்னு நெனச்சுக்கோங்க, வேற என்ன சொல்றது. ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா நம்ம தமிழ்நாட்டுல 10,000 ரூபா அபராதம், அதனால நாம ஒதுங்கிடறது பர்ஸுக்கும் நல்லது. அதுங்க போனதும் உடனே உள்ள வந்துடாதீங்க, பதினொண்ணாவது பைக்கு ஒண்ணு லேட்டா வரும்.

கேள்வி (குரோம்பேட்டை வாசகி): நான் ஓட்டும்போது பக்கத்துல உக்காந்திருக்க என் வீட்டுக்காரர் இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டே வர்றாரு, என்ன வழி?

பதில்: பின் சீட்டுல உங்க மாமியாரும் அதைத்தாங்க மிதிச்சுக்கிட்டு வர்றாங்க, நீங்க கவனிக்கல.